கிளேர்மான்ட், நவம்பர் 1817: ஓர் அரச பிரசவத்தின் ஐம்பது மணி நேரம்

நோயாளிக்கு வயது 21. இதற்கு முன் இரண்டு முறை கரு கலைந்திருக்கிறது. இந்த முறை மாதம் நிறைந்து, குறித்த தேதியும் இரண்டு வாரம் தாண்டிவிட்டது. பிரசவம் வீட்டில்தான். வீட்டில் நான்கு மருத்துவர்கள் இருந்தார்கள். குழந்தை பிறக்கும்வரை அவர்களில் இரண்டு பேர் மட்டுமே நோயாளியின் அறைக்குள் போய்வந்தார்கள். வலி கண்டு 50 மணி நேரம் கழித்துக் குழந்தை இறந்து பிறந்தது. அடுத்த ஐந்தரை மணி நேரத்தில் தாயும் போய்விட்டார். மூன்று மாதம் கழித்து, பிரசவம் பார்த்த மருத்துவர் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டார்.

அந்தத் தாய், வேல்ஸ் இளவரசி சார்லட். பிரிட்டிஷ் அரியணைக்குத் தன் தந்தைக்கு அடுத்தபடியாக இருந்தவர். மகப்பேறு மருத்துவர்கள் இருநூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பேசும் நிகழ்வு இது. பெரும்பாலும் "இடுக்கியைப் போட்டிருக்க வேண்டும்" என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். இடுக்கி என்பது குழந்தையின் தலையைப் பிடித்து வெளியே இழுக்கும் கருவி. விஷயம் அவ்வளவு எளிதில்லை என்பதால்தான் முதலிலிருந்து எழுதுகிறேன்.

குடும்பப் பின்னணி

மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பிள்ளைகள் 15 பேர். 1817இல் அவர்களில் ஏழு மகன்களும் ஐந்து மகள்களும் உயிரோடு இருந்தார்கள். ஆனால் சட்டப்படி செல்லுபடியாகும் பேரப்பிள்ளை என்று இருந்தது சார்லட் ஒருவர்தான். மகன்களில் சிலர் மணம் முடிக்காமலே குடும்பம் நடத்தினார்கள். ஒருவர் மன்னரின் சம்மதம் இல்லாமல் செய்துகொண்ட கல்யாணம் 1772ஆம் ஆண்டின் அரச திருமணச் சட்டத்தின்படி செல்லாமல் போனது. ஒரு சாம்ராஜ்யத்தின் வாரிசுரிமை முழுவதும் ஒரே பெண்ணின் வயிற்றை நம்பி நின்றது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் படிக்க வேண்டும்.

சார்லட் பிறந்தது 1796 ஜனவரி 7 அன்று. பெற்றோருக்கு ஒருவரை ஒருவர் ஆகாது. குழந்தை பிறந்த கையோடு பிரிந்தவர்கள்தான், மறுபடி சேரவே இல்லை. மகளைத் தாய் பார்ப்பதற்குக்கூட அளவு வைத்தார் தந்தை. 1814இல் நெதர்லாந்தின் ஆரஞ்சு வம்சத்து இளவரசருடன் பேசி முடித்த கல்யாணத்தை சார்லட்டே முறித்தார். அதற்குத் தண்டனையாக அவரைத் தனியே அடைத்துவைக்கத் தந்தை முடிவெடுத்தபோது, தெருவில் இறங்கி ஒரு வாடகை வண்டியைப் பிடித்துத் தாயின் வீட்டுக்கு ஓடினார். சொன்னபடி கேட்கும் பெண் என்று அவரை யாரும் நினைத்ததில்லை. ஆனால் பிரசவ அறையில் அவர் சொன்னபடியெல்லாம் கேட்டார்.

1816 மே 2 அன்று சாக்ஸ்-கோபர்க் வம்சத்து லியோபோல்டை மணந்தார். மாப்பிள்ளைக்குப் பெரிய சொத்து எதுவும் இல்லை, ஆனால் இது அவர் விரும்பிய கல்யாணம். லண்டனுக்குத் தெற்கே சர்ரே பகுதியில் கிளேர்மான்ட் மாளிகையில் குடித்தனம் தொடங்கியது. நம் வாசகர்களுக்கு ஒரு சிறு தகவல்: அந்த மாளிகையைக் கட்டியவர் ராபர்ட் கிளைவ். 1751இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்துப் பேர் வாங்கிய அதே கிளைவ்தான். இந்தியாவில் சேர்த்த பணத்தில் எழுப்பிய வீடு; அவரும் அதில் வாழ்ந்து அனுபவிக்கவில்லை.

பிரசவ நேரத்தில் குடும்பத்துப் பெரியவர்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. தாய் இத்தாலியில். பாட்டியான அரசி பாத் நகரத்தில். தந்தை சஃபோக்கில் ஒரு பிரபுவின் வீட்டில். கணவர் மட்டும் கூடவே இருந்தார்.

கர்ப்பகாலக் கவனிப்பு

பிரசவப் பொறுப்பு சர் ரிச்சர்ட் கிராஃப்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்றைய லண்டனின் உயர்குடிப் பெண்களுக்குப் பிரசவம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பொது மருத்துவராக மாத்யூ பெய்லி. இருவருக்கும் ஓர் உறவு உண்டு: இருவருமே தாமஸ் டென்மன் என்ற பேர்பெற்ற பிரசவ மருத்துவரின் மருமகன்கள். மாமனாரின் வாடிக்கையாளர்கள் மட்டுமல்ல, அவருடைய கொள்கையும் கிராஃப்டிடம் வந்து சேர்ந்தது.

சார்லட்டின் எடை ஏறிக்கொண்டே போனது, வயிறும் பெரிதாக இருந்தது. குழந்தை பெருத்துவிடும் என்று பயந்து உணவைக் குறைத்தார்கள், இரத்தமும் எடுத்தார்கள். இது கிராஃப்டின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. கர்ப்பிணியின் உடம்பில் இரத்தம் மிகுந்துபோகிறது, அதைத் தணிக்க வேண்டும் என்பது அன்று பரவலாக இருந்த நம்பிக்கை. ஆனால் குழந்தை பெருத்துத்தான் பிறந்தது. தாய்தான் பலம் குறைந்து பிரசவத்துக்குள் போனார்.

இதைக் கவனித்த ஒருவர் இருந்தார். லியோபோல்டின் சொந்த மருத்துவர், ஜெர்மானியரான ஸ்டாக்மார். இந்தச் சிகிச்சை தாயைப் பலவீனப்படுத்துகிறது என்று அவருக்குப் பட்டது. தன் கருத்தை லியோபோல்டிடம் சொல்லவும் செய்தார். ஆனால் சிகிச்சைக் குழுவில் சேர மறுத்துவிட்டார். நல்லபடியாக முடிந்தால் பேர் ஆங்கிலேய மருத்துவர்களுக்குப் போகும், கெட்டால் பழி வெளிநாட்டுக்காரன் தலையில் விழும் என்பது அவருடைய கணக்கு. அரசியல் கணக்காக அது தப்பில்லை. நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்கு அது உறுத்துகிறது. அந்த வீட்டில் சந்தேகம் இருந்த ஒரே மருத்துவர், சந்தேகத்தோடு ஒதுங்கி நின்றார்.

வலி தொடங்கியது: திங்கள் முதல் புதன் வரை

குறித்த தேதி அக்டோபர் 19. வலி கண்டது நவம்பர் 3, திங்கட்கிழமை மாலை 7 மணி அளவில். பனிக்குடமும் உடைந்தது. கத்தவோ கூச்சல் போடவோ மாட்டேன் என்று தாதியிடம் சார்லட் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார், அதைக் கடைசிவரை காப்பாற்றவும் செய்தார். வழக்கப்படி சாட்சிகளாக இருக்க வேண்டிய அமைச்சர்களும் கேன்டர்பரி பேராயரும் இரவோடு இரவாக வரவழைக்கப்பட்டுப் பக்கத்து அறையில் காத்திருந்தார்கள்.

வலி விட்டுவிட்டு வந்தது, வேகமில்லை. செவ்வாய்க்கிழமை முற்பகலில் பார்த்தபோது கர்ப்பப்பை வாய் ஒரு சிறு நாணயத்தின் அகலத்துக்குத்தான் திறந்திருந்தது. முழுவதும் திறக்கச் செவ்வாய் இரவு 9 மணி ஆயிற்று. அதாவது முதல் கட்டத்துக்கே 26 மணி நேரம்.

பிரசவம் சுணங்குவதைக் கிராஃப்ட் கவனிக்காமல் இல்லை. கருவி போட வேண்டியிருந்தால் துணைக்கு இருக்கட்டும் என்று ஜான் சிம்ஸ் என்ற மூத்த மருத்துவரை வரவழைத்தார். சிம்ஸ் தாவரவியலாளர் என்றும் பேர் வாங்கியவர். புதன் அதிகாலை 2 மணிக்கு அவர் வந்து சேர்ந்தார். இடுக்கிகளும் தயாராக இருந்தன. ஆனால் சிம்ஸை நோயாளியைப் பார்க்கக் கிராஃப்ட் விடவில்லை. சிம்ஸ் பக்கத்து அறையில் உட்கார்ந்து, கிராஃப்ட் வாயால் சொல்லும் விவரத்தை வைத்து யோசனை சொன்னார். அந்த விவரம் எப்போதும் ஒரே மாதிரிதான்: மெதுவாக, ஆனால் இறங்கிக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்கும் யாரும் "சரி, காத்திருக்கலாம்" என்றுதான் சொல்வார்கள்.

புதன்கிழமை நண்பகலில் குழந்தை உள்ளேயே மலம் கழித்ததற்கான அடையாளம் தெரிந்தது. குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. அதற்குப் பிறகும் ஒன்பது மணி நேரம் காத்திருந்தார்கள்.

ஏன் இடுக்கியை எடுக்கவில்லை

கிராஃப்டுக்கு இடுக்கியைக் கையாளத் தெரியாமல் இல்லை. அவர் மாமனார் வகுத்த விதி ஒன்று இருந்தது: குழந்தையின் தலை அடிவரை இறங்கி, அங்கேயே ஆறு மணி நேரம் நின்ற பிறகுதான் இடுக்கியைத் தொடலாம், இடையில் வலி நின்றுபோயிருந்தாலும் அந்த ஆறு மணி நேரத்தைக் குறைக்கக் கூடாது. சார்லட்டுக்கோ வலி நிற்கவே இல்லை. தலையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. விதியின்படி கிராஃப்ட் செய்தது சரி.

அந்த விதிக்கும் நியாயம் உண்டு. கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலம். அவசரக் கைகளில் இடுக்கி தாயைக் கிழித்தது, குழந்தையின் தலையை நசுக்கியது, பிறகு வரும் காய்ச்சலில் தாய் இறந்தார். அதைப் பார்த்து அலுத்த தலைமுறைதான் "பொறு, இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்ற பக்கம் சாய்ந்தது. டென்மன் அந்தச் சாய்வின் தலைமகன். சிசேரியன் என்பது அன்றைய இங்கிலாந்தில் தாயைக் கைவிடுவதற்குச் சமம். அப்படியானால் இருந்த வழி இரண்டுதான்: இடுக்கி, அல்லது பொறுமை.

என் பார்வையில் இங்கே சிக்கல் விதியைவிட, அந்த விதியைக் கேள்வி கேட்க ஆள் இல்லாததில்தான் இருந்தது. தீர்மானிப்பவர் டென்மனின் ஒரு மருமகன், அவருக்குத் துணை இன்னொரு மருமகன். வெளியாளான சிம்ஸ் கதவுக்கு அந்தப்பக்கம். எதிர்க்கருத்து கொண்ட ஸ்டாக்மார் தானாகவே விலகியவர். வயிற்றில் இருப்பது வருங்கால மன்னராக இருக்கலாம் என்னும்போது, கையை வைத்துக் கெடுத்தவன் என்ற பேர் வருவதைவிடக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எவருக்கும் பத்திரமாகத் தோன்றும். ஒரு சாதாரண வணிகரின் மனைவியாக இருந்திருந்தால் கிராஃப்ட் முன்பே இடுக்கியை எடுத்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது வெறும் ஊகம்தான்.

குழந்தையும், நஞ்சுக்கொடியும்

நவம்பர் 5, புதன் இரவு 9 மணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. எடை ஒன்பது பவுண்டு, அதாவது நான்கு கிலோவுக்கு மேல். உயிர் இல்லை. வாயில் ஊதிப் பார்த்தார்கள், வெந்நீரில் வைத்தார்கள், உடம்பைத் தேய்த்தார்கள். பலிக்கவில்லை. அதைச் சொன்னபோது தாய் அமைதியாக ஏற்றுக்கொண்டார்.

அப்புறம்தான் இரண்டாவது சிக்கல். கர்ப்பப்பை நடுவில் இறுகி, மணற்கடிகாரம் போல ஆகியிருந்தது. நஞ்சுக்கொடி மேல்பாதியில் மாட்டிக்கொண்டது. பெய்லியையும் சிம்ஸையும் கலந்துபேசிவிட்டுக் கிராஃப்ட் கையை விட்டு நஞ்சை எடுத்தார். இரத்தம் போனது, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை என்று கருதினார்கள். நோயாளி தெளிவாக இருந்தார். கொஞ்சம் ஆகாரம் எடுத்துக்கொண்டார். இளவரசி நலம் என்றே முதல் அறிக்கை வெளியே போனது. மூன்று நாளாகக் கூடவே இருந்த கணவர் போய்ப் படுத்தார்.

நள்ளிரவை ஒட்டி எல்லாம் தலைகீழானது. குமட்டல், வாந்தி, காதில் இரைச்சல். நாடி வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் ஓடியது. உடம்பு சில்லிட்டது. படுக்கையில் நிலைகொள்ளவில்லை, மூச்சு வாங்கியது. கிராஃப்ட் ஓடிப்போய் ஸ்டாக்மாரை எழுப்பி, இளவரசருக்குத் தகவல் சொல்லச் சொன்னார். சில்லிட்ட உடம்புக்குச் சூடு ஏற்ற பிராந்தியும் சூடான ஒயினும் புகட்டினார்கள். அதுவரை விலகியிருந்த ஸ்டாக்மாரை இப்போது பெய்லியே உள்ளே அழைத்தார். சார்லட் அவர் கையை இறுகப் பிடித்து, இவர்கள் என்னைக் குடிக்கவைத்துவிட்டார்கள் என்றார். ஸ்டாக்மார் வெளியே போன சிறிது நேரத்தில், "ஸ்டாக்கி! ஸ்டாக்கி!" என்று கூப்பிடும் குரல் கேட்டது. அவர் திரும்பி வந்தபோது முடிந்துகொண்டிருந்தது. நவம்பர் 6, அதிகாலை 2:30 மணி.

கணவரிடம் சொல்லும் வேலை ஸ்டாக்மாருக்குத்தான் வாய்த்தது.

சவப் பரிசோதனையும் விளக்கமும்

உடலைத் திறந்து பார்த்தபோது கர்ப்பப்பை சுருங்காமல் தொப்புள் உயரத்துக்கு நின்றது. உள்ளே உறைந்த இரத்தம் நிறைய இருந்தது. நடுவில் இறுகிய வடிவம் அப்போதும் தெரிந்தது. வெளியே பெரிதாகத் தெரியாமல் உள்ளேயே தேங்கிய இரத்தப்போக்குதான் காரணம் என்பது பிற்கால மருத்துவர்களில் பலர் வந்த முடிவு. நுரையீரலில் இரத்தக்கட்டி போய் அடைத்திருக்கலாம் என்றும் சிலர் வாதிட்டார்கள். நள்ளிரவின் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் எனக்கு முதல் விளக்கம்தான் பொருந்துகிறது: குளிர்ந்த உடம்பு, ஓடும் நாடி, காதில் இரைச்சல், நிலைகொள்ளாத தவிப்பு. இரண்டு நாள் உழைத்துக் களைத்த கர்ப்பப்பை குழந்தை பிறந்ததும் சுருங்க மறுக்கும். இன்றைய செவிலியர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

அதனால் இந்த நிகழ்வில் இடுக்கி பாதிக் கதைதான். மீதிக் கதை, நஞ்சு வெளியே வந்ததற்கும் நள்ளிரவுக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு மணி நேரம். ஆபத்து தாண்டிவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிட்ட நேரம் அது.

ஊரும் மருத்துவரும்

நாடு ஸ்தம்பித்தது. கடைகள் இரண்டு வாரம் மூடிக் கிடந்தன. துக்கத்துக்குக் கறுப்புத் துணி கேட்டு வாங்கியவர்கள் கூட்டத்தில் ஜவுளிக் கடைகளில் சரக்கே தீர்ந்துபோனது. வண்ண நாடா செய்பவர்களோ துக்கக் காலத்தைக் குறைக்கும்படி அரசிடம் மனுப் போட்டார்கள். துக்கம் நீண்டால் தாங்கள் திவாலாகிவிடுவோம் என்றார்கள். இத்தாலியிலிருந்த தாய்க்கு மகள் இறந்ததை எழுத யாருக்கும் தோன்றவில்லை. அந்த வழியாகப் போன ஒரு தூதுவன் மூலமாகத்தான் அவர் தெரிந்துகொண்டார். நவம்பர் 19 அன்று விண்ட்சரில் தாயையும் குழந்தையையும் சேர்த்து அடக்கம் செய்தார்கள்.

தந்தையும் கணவரும் கிராஃப்ட் மீது பழி சொல்லவில்லை. உங்கள் திறமையில் நம்பிக்கை இருக்கிறது என்று தந்தை செய்தியும் அனுப்பினார். ஆனால் பத்திரிகைகள் விடவில்லை, சக மருத்துவர்களும் விடவில்லை. கிராஃப்டும் தன்னை விடவில்லை. தொழிலை நிறுத்தவும் இல்லை. 1818 பிப்ரவரி 13 அன்று லண்டனில் ஒரு வீட்டில், நீண்டுகொண்டே போன இன்னொரு பிரசவத்துக்கு இடையில், அந்த வீட்டிலிருந்த துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். நொந்துபோன ஒரு மனிதரை மூன்றே மாதத்தில் அதே மாதிரி ஒரு கட்டிலின் ஓரத்தில் தனியாக உட்காரவைத்ததைப் பற்றி அன்றைக்கு யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

இன்று என்றால் எது மாறும்

முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்த பின் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் போனாலே இன்றைய மகப்பேறு வார்டு பரபரப்பாகிவிடும். சார்லட்டுக்கு அது 24 மணி நேரம். வலியின் வேகம், வாய் திறப்பு, குழந்தையின் இதயத் துடிப்பு எல்லாம் ஒரே வரைபடத்தில் ஏறும். "மெதுவாக, ஆனால் நடக்கிறது" என்று வாயால் சொல்லிச் சமாளிக்க முடியாது. வலி மந்தமானால் அதைத் தூண்டும் ஆக்ஸிடோசின் மருந்து. அதற்கும் மசியாவிட்டால் குழந்தையின் தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் வேக்குவம், இடுக்கி அல்லது சிசேரியன். குழந்தை பிறந்த கையோடு கர்ப்பப்பை சுருங்க ஊசி, பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆள், இரத்தம் தயாராக.

1817இலேயே செய்யக்கூடியதாக இருந்தவையும் உண்டு. சாப்பாட்டைக் குறைக்காமல் இருந்திருக்கலாம், இரத்தம் எடுக்காமல் இருந்திருக்கலாம். சிம்ஸ் வந்தவுடன் அறைக்குள் விட்டிருக்கலாம். நண்பகலில் தெரிந்த எச்சரிக்கைக்குப் பின் இடுக்கியை எடுத்திருக்கலாம்; அப்போது தலை அதற்குத் தோதான இடத்துக்கு வந்திருந்ததா என்பதை உள்ளே கை வைத்துப் பார்த்த கிராஃப்டைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. இரத்தம் ஏற்றுவது மட்டும் ஒரு வருடம் தள்ளி நின்றது: லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் மனிதருக்கு மனித இரத்தம் செலுத்திப் பார்த்தது 1818இல், பிரசவ இரத்தப்போக்கில் அது பலித்ததாக அவர் அறிவித்தது 1829இல்.

இந்தச் சாவுக்குப் பிறகு ஆங்கிலேய மருத்துவர்கள் இடுக்கியை முன்பைவிடத் தாராளமாக எடுக்கத் தொடங்கினார்கள்.

அடுத்த பிரசவம்

வாரிசு இல்லாமல் போனதும் வயதான இளவரசர்கள் அவசர அவசரமாக மணமேடை ஏறினார்கள். மூன்றாம் ஜார்ஜின் மகன்களில் ஒருவரான கென்ட் கோமகன் 1818இல் மணந்தது லியோபோல்டின் அக்காவை. 1819 மே 24 அன்று கென்சிங்டன் அரண்மனையில் அந்த அக்கா பிள்ளை பெற்றபோது பிரசவம் பார்த்தவர், ஜெர்மனியிலிருந்து வந்த சார்லட் சீபோல்ட் என்ற பெண். சார்லட் இளவரசி இறந்த அதே 1817இல் கீசன் பல்கலைக்கழகத்தில் மகப்பேற்றியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். பிரசவம் சீக்கிரமும் சுகமாகவும் முடிந்தது. பெண் குழந்தை, விக்டோரியா. சீபோல்ட் ஊர் திரும்பி, அதே ஆகஸ்டில் கோபர்க் அருகே லியோபோல்டின் அண்ணன் வீட்டில் இன்னொரு பிரசவம் பார்த்தார். ஆண் குழந்தை, ஆல்பர்ட்.

அந்த இரண்டு குழந்தைகளும் 1840இல் கணவன் மனைவி ஆனார்கள். அதற்குப் பல வருடமாகப் பின்னணியில் காய் நகர்த்தியவர்கள் இரண்டு பேர்: ஒருவர், அதற்குள் பெல்ஜியத்தின் மன்னராகிவிட்ட லியோபோல்ட். மற்றவர், கிளேர்மான்ட்டுக்குப் பிறகு மருத்துவத்தை விட்டுவிட்டு அரசியல் ஆலோசகராகிவிட்ட ஸ்டாக்மார்.